எதிரொலியை விழுங்கிய கணக்கு

நியூரல் நெட்வொர்க் வரலாற்றை எங்கே எடுத்துப் படித்தாலும் கதை ஒரே மாதிரிதான் போகும். 1958-இல் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான். 1969-இல் மின்ஸ்கியும் பாப்பர்ட்டும் புத்தகம் எழுதி அதன் போதாமையைக் காட்டினார்கள். பிறகு நீண்ட குளிர்காலம். 1986-இல் பேக்புரோபகேஷன் வந்தது, பனி உருகியது. நடுவில் பதினேழு வருஷம் யாருமே வேலை பார்க்காத மாதிரி ஒரு வெற்றிடம்.

எனக்கு அந்த வெற்றிடத்தின் மேல்தான் கண். "பிழையைப் பார், அதற்கேற்ப எடைகளைக் கொஞ்சம் திருத்து, மறுபடி பார்" என்கிற யோசனை அந்தப் பதினேழு வருஷமும் தூங்கவில்லை. மோடம்களுக்குள்ளும், ரேடார் ஆண்டெனாக்களிலும், டெலிபோன் ஆராய்ச்சிக் கூடங்களிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு உழைத்துக்கொண்டிருந்தது. செயற்கை நுண்ணறிவு வரலாறு எழுதுகிறவர்கள் டெலிபோன்காரர்களைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதனால் கதையில் ஓட்டை விழுந்துவிட்டது.

பி.ஈ. படித்தவர்களுக்கு இந்த விஷயம் வேறு முகத்தில் அறிமுகமாகியிருக்கும். டிஜிட்டல் சிக்னல் பிராசசிங் பேப்பரில் கடைசி யூனிட், அடாப்டிவ் ஃபில்டர்ஸ். எல்.எம்.எஸ். அல்காரிதத்தை வருவிக்க, 16 மதிப்பெண். நானும் வருவித்து, மதிப்பெண் வாங்கி, மறந்தவன்தான். யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள் என்பது சிலபஸில் கிடையாது. பல வருஷம் கழித்து வேலை விஷயமாக ஆடியோ கோடு ஒன்றைத் திறந்து பார்த்தபோது அதே ஒற்றை வரி அங்கே உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடுவோம். எண்பதுகளில் மொட்டை மாடியில் டி.வி. ஆண்டெனா திருப்பியவர்களுக்கு அடாப்டிவ் ஃபில்டரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலே ஒருவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே ஒருவர் டி.வி. முன்னால் நின்று கத்துவார். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஐயோ போச்சு, பழையபடி திருப்பு!" கீழே இருப்பவர் சொல்வதுதான் பிழை. மேலே இருப்பவர் கை வைத்திருப்பது எடை. படம் தெளிகிற வரை இந்த உரையாடல் நடக்கும். காற்றில் கம்பம் திரும்பினால் மறுநாள் மறுபடியும் நடக்கும். காட்சி தெளிந்த பிறகும் யாராவது ஒருவர் கீழேயே நின்று கண்காணித்துக்கொண்டே இருந்தால் அதுதான் அடாப்டிவ்.

ஆண்டெனாவுக்கு ஒரே ஒரு கம்பம். ஒரு ஃபில்டருக்கு நூறு, இருநூறு குமிழ்கள் இருக்கும். இப்போது வந்த சாம்பிளை இத்தனையால் பெருக்கு, அதற்கு முன்னால் வந்ததை இத்தனையால் பெருக்கு, அதற்கும் முன்னதை இத்தனையால், எல்லாவற்றையும் கூட்டு. ஃபில்டர் என்றால் அவ்வளவுதான். ஒவ்வொரு பெருக்கு எண்ணும் ஒரு குமிழ். கீழே இருந்து "படம் சரியில்லை" என்று ஒரே ஒரு குரல் வருகிறது. 128 குமிழ்களில் எதைத் திருப்புவது, எந்தப் பக்கம், எவ்வளவு? இந்தக் கேள்விக்கு மலிவான விடை கண்டுபிடித்த கதைதான் இது.

விலை உயர்ந்த விடை முன்னாலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தைச் சுடும் பீரங்கிகளுக்காக நார்பர்ட் வீனர் ஒரு கணக்குப் போட்டார். விமானம் இன்னும் சில விநாடிகளில் எங்கே இருக்கும் என்பதை, இரைச்சல் கலந்த ரேடார் அளவீடுகளிலிருந்து ஊகிக்க வேண்டும். 1942-இல் அவர் எழுதிய ரகசிய அறிக்கைக்கு மஞ்சள் அட்டை. அதன் கணிதம் பொறியாளர்களை மிரட்டிய மிரட்டலில் அட்டையின் நிறமே அதற்குப் பட்டப்பெயராகிவிட்டது. அது 1949-இல்தான் பொதுவில் புத்தகமாக வந்தது. அதற்கு முன்பே 1941-இல் சோவியத் யூனியனில் கொல்மகோரோவ் இதே பிரச்சினையைத் தனியாகத் தீர்த்திருந்தார்.

வீனரின் விடை உச்சபட்சம். அதைவிடச் சிறந்த நேரியல் ஃபில்டர் இருக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. சிக்னலின் புள்ளியியல் குணங்களும் இரைச்சலின் குணங்களும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவை மாறவும் கூடாது. காகிதத்தில் இது சின்ன நிபந்தனை. நிஜத்தில் யார் வந்து உங்களிடம் அந்தக் குணங்களை எழுதிக் கொடுப்பார்கள்?

இங்கேதான் பெர்னார்ட் விட்ரோ வருகிறார். எம்.ஐ.டி.யில் 1956-இல் ஆராய்ச்சிப் பட்டம் முடித்தவர். அதே வருஷம் டார்ட்மவுத்தில் நடந்த, செயற்கை நுண்ணறிவுக்குப் பெயர் சூட்டிய அந்தப் பிரபலமான கூட்டத்துக்குச் சில நாள் போய் உட்கார்ந்திருந்தார். சிந்திக்கும் இயந்திரம் கட்ட வேண்டும் என்கிற ஆசையோடு திரும்பினார். இது சீக்கிரத்தில் ஆகிற காரியமில்லை என்றும் புரிந்தது. முழுதாகச் சிந்திக்க வேண்டாம், தானே கற்றுக்கொள்கிற ஃபில்டர் ஒன்றாவது கட்டுவோமே என்று அந்தப் பக்கம் போனார். 1959-இல் ஸ்டான்ஃபோர்டுக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், டெட் ஹாஃப் என்கிற ஆராய்ச்சி மாணவர் அவர் அறைக்கு வந்தார். ஆசிரியருக்கு இன்னும் 30 வயது ஆகவில்லை. மாணவருக்கு 22-ஐ ஒட்டிய வயது. விட்ரோ கரும்பலகையில் பிழையின் சராசரி வர்க்கத்தை வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார். எடைகள் இரண்டு என்றால் அது ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். கிண்ணத்தின் அடியில்தான் வீனரின் விடை. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து, சரிவு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் உருண்டு இறங்கிவிடலாம். சரிவை எப்படி அளப்பது? அதுவரை இருந்த வழி இதுதான்: ஒரு குமிழைக் கொஞ்சம் திருப்பு, நிறைய சாம்பிள் வரும் வரை காத்திருந்து சராசரிப் பிழையை எடு, பழைய இடத்துக்குத் திருப்பி மறுபடி எடு, இரண்டின் வித்தியாசம்தான் சரிவு. பிறகு அடுத்த குமிழ். நூறு குமிழ் இருந்தால் ஒரு சுற்று முடிவதற்குள் விமானம் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

அன்று மதியம் அவர்கள் செய்தது ஒரு சின்ன அலட்சியம் மாதிரிதான் தெரியும். சராசரி எடுப்பதையே விட்டுவிட்டார்கள். இந்த நொடியில் வந்த ஒற்றைப் பிழையின் வர்க்கத்தையே சராசரி என்று வைத்துக்கொண்டு, அதை வகையிட்டார்கள். வர்க்கமும் போய்விட்டது, சராசரியும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே பெருக்கல். ஒவ்வொரு குமிழையும் எவ்வளவு திருப்ப வேண்டும் என்றால், ஒரு சின்ன மாறிலி பெருக்கல் பிழை பெருக்கல் அந்தக் குமிழுக்கு வந்த உள்ளீடு. முடிந்தது.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெரிய உள்ளீடு வந்த குமிழுக்கு இப்போதைய பிழையில் பங்கும் பெரிது, அதனால் அதைக் கூடுதலாகத் திருப்பு. பூஜ்யம் வந்த குமிழ் குற்றவாளி கிடையாது, அதைத் தொடாதே. எல்லாக் குமிழுக்கும் ஒரே நேரத்தில் திருத்தம். எதையும் ஆட்டிப் பார்த்து அளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகப் பார்த்தால் தள்ளாட்டம்தான், சில சமயம் மேடு ஏறக்கூடச் செய்யும். ஆனால் ஆயிரம் அடி சேர்ந்தால் போகிற திசை பள்ளம்தான். சராசரி எடுக்கிற வேலையை அந்தத் தள்ளாட்டமே செய்துவிடுகிறது.

இருவரும் நம்பாமல் எதிர் அறையில் இருந்த அனலாக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. சொந்தமாகவே ஒரு பெட்டி கட்டிவிடலாம் என்றால் வெள்ளிக்கிழமை மாலை, பல்கலைக்கழக ஸ்டோர் மூடியாயிற்று. சனிக்கிழமை காலை பாலோ ஆல்டோ ஊரில் ஜாக் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி, ஹாஃபின் வீட்டில் உட்கார்ந்து கட்டி, ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை அது விட்ரோவின் மேஜையில் இருந்தது. நாலுக்கு நாலு சுவிட்சுகள், அவற்றுக்கான எடைக் குமிழ்கள், பிழை காட்ட ஒரு மீட்டர். சுவிட்சுகளில் எழுத்து வடிவம் வைத்து, மீட்டரைப் பார்த்துக் குமிழ்களைக் கையாலேயே திருப்பிக் கற்பிக்க வேண்டும். அதற்கு அடலைன் என்று பெயர் வைத்தார்கள். 1960-இல் கட்டுரை வெளிவந்தது.

இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். தள்ளாடிப் போனாலும் சரியான இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்பதைப் புள்ளியியல்காரர்கள் ராபின்ஸும் மன்ரோவும் 1951-லேயே தேற்றமாக நிறுவியிருந்தார்கள். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் பால் ஹவல்ஸ், எதிரியின் ரேடார் இடையூறைத் தானாகவே கழித்துவிடும் ஆண்டெனா ஒன்றுக்கு 1959-இல் காப்புரிமை விண்ணப்பம் போட்டார். அதற்குள்ளும் பிழையை உள்ளீட்டோடு ஒப்பிட்டு எடையைத் திருத்தும் சுற்றுதான். ஆகவே விட்ரோவும் ஹாஃபும்தான் ஒரே தகப்பன்மார் என்று சொல்வது சரியில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒற்றை வரியாக எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். சாஃப்ட்வேர் உலகத்தில் இருக்கிற எனக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது. தேற்றம் இருப்பது வேறு, யாரும் கால் பண்ணக்கூடிய ஃபங்ஷன் இருப்பது வேறு.

ஹாஃப் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1968-இல் இன்டெல் கம்பெனியில் பன்னிரண்டாவது ஊழியராகச் சேர்ந்தார். 1971-இல் வெளிவந்த 4004 மைக்ரோபிராசசரின் மூல யோசனை அவருடையது. ஒரே ஆளின் கை இரண்டிலும் இருக்கிறது.

அடலைனை அடுக்கடுக்காக வைத்துக் கற்பிக்க முடியுமா என்று விட்ரோவின் குழு பார்த்தது. முட்டுச்சந்து. ஒவ்வொரு அடலைனின் வாயிலிலும் ஆமாம் அல்லது இல்லை என்று படக்கென்று முடிவு சொல்லும் சுவிட்ச். அதை வகையிட முடியாது. பிழையை உள்ளே இருக்கிற அடுக்குக்குக் கொண்டுபோக வழி தெரியவில்லை. விட்ரோ நியூரல் வேலையை ஓரம் வைத்துவிட்டு ஃபில்டர்களுக்குத் திரும்பினார். குளிர்காலம் என்கிறார்களே, அவருக்கு அது 1969-இல் புத்தகம் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. அவர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து பிழைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இனி டெலிபோன்.

வீட்டுக்கு வருகிற டெலிபோன் ஒயர் இரண்டு கம்பி. போகிற குரலும் வருகிற குரலும் அதே இரண்டு கம்பியில். தொலைதூரத்துக்கு ஆம்ப்ளிஃபையர் வைக்க வேண்டும், ஆம்ப்ளிஃபையர் ஒருவழிப் பாதை, எனவே அங்கே நாலு கம்பி: போக இரண்டு, வர இரண்டு. இரண்டு கம்பியும் நாலு கம்பியும் சந்திக்கிற இடத்தில் ஹைப்ரிட் என்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வந்த குரலை வீட்டுப் பக்கம் மட்டும் தள்ளி, திரும்பிப் போகிற பாதையில் கசிய விடாமல் தடுப்பது அதன் வேலை. ஆனால் ஒவ்வொரு வீட்டு ஒயரும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு குணம். ஹைப்ரிட் எதற்கும் முழுதாகப் பொருந்தாது. கொஞ்சம் கசியும். அந்தக் கசிவுதான் பேசியவர் காதுக்கே திரும்பி வருகிற எதிரொலி.

பக்கத்து ஊர் என்றால் எதிரொலி உடனே வந்துவிடும், காது கண்டுகொள்ளாது. தூரம் கூடக்கூடத்தான் வேதனை. இதற்கு 1920-களிலேயே ஒரு கருவி வந்துவிட்டது, எக்கோ சப்ரஸர். ஒருவர் பேசும்போது எதிர்ப்பாதையைத் துண்டித்துவிடும். இருவரும் மாறி மாறி மரியாதையாகப் பேசினால் பிரச்சினையில்லை. ஆனால் மனிதர்கள் எங்கே அப்படிப் பேசுகிறார்கள்? "ம்", "சரி", "அப்புறம்?" என்று நடுவில் போட்டுக்கொண்டேதானே கேட்போம்.

1965 ஏப்ரலில் ஏர்லி பேர்ட் செயற்கைக்கோள் மேலே போனது. 240 டெலிபோன் பாதைகள், அட்லாண்டிக்கின் இருபுறமும். உயரம் சுமார் 36,000 கிலோமீட்டர். ஏறி இறங்க 72,000. விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிற ஒளிக்கே கால் விநாடி ஆகும். எதிரொலி திரும்பி வர அரை விநாடிக்கு மேல். அரை விநாடி தள்ளித் தன் குரலையே கேட்டுக்கொண்டு யாராலும் பேச முடியாது, நாக்கு குழறும். சப்ரஸர் போட்டாலோ, அந்தத் தாமதத்தில் யார் பேச்சு எப்போது முடிகிறது என்று தெரியாமல் இருவரும் ஒருசேரத் தொடங்கி, இருவரும் வெட்டுப்பட்டு, இருவரும் நிறுத்தி... வளைகுடாவில் இருந்து உறவினர் பேசிய காலத்துச் செயற்கைக்கோள் கால்களை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பெரியப்பா பேசும்போது பாட்டி பாதி நேரம் "ஹலோ, ஹலோ"விலேயே கழிப்பார். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு கரைந்துகொண்டிருக்கும்.

துண்டிக்காமல் கழித்தால் என்ன? இதுதான் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் எழுந்த கேள்வி. எதிரொலி என்பது புதிதாக எங்கிருந்தும் வந்ததில்லை. தூரத்து ஆளின் குரல்தான், ஹைப்ரிட் வழியாகக் கொஞ்சம் தாமதப்பட்டு, கொஞ்சம் உருமாறி வருகிறது. அந்தத் தூரத்துக் குரல் நம் கையில் முன்பே இருக்கிறது. ஹைப்ரிட் செய்கிற உருமாற்றத்தை ஒரு ஃபில்டரில் நகல் எடுத்தால், எதிரொலியின் நகலும் தயார். வருகிற சிக்னலிலிருந்து நகலைக் கழி. எதிரொலி போய்விடும், இந்தப் பக்கத்து ஆளின் குரல் கீறல் படாமல் மிஞ்சும்.

ஆனால் ஒவ்வொரு காலுக்கும் வேறு வேறு ஹைப்ரிட், வேறு ஒயர். ஃபில்டர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்க வேண்டும். எதை வைத்து? பொறியாளர்களுக்கு முதலில் தோன்றுவது ஒரு சோதனை சிக்னல் அனுப்பி அளப்பது. பேசப் போகிறவர் காதில் முதலில் கீச்சொலி, கால் நடுவில் பாதை மாறினால் மறுபடி கீச்சொலி. ஜான் கெல்லி இதை மாற்றினார். சோதனை சிக்னலே வேண்டாம், மனிதர்கள் பேசுகிற பேச்சையே வைத்துக் கற்கட்டும் என்றார்.

கெல்லியை வேறு இடங்களில் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூதாட்டத்திலும் பங்குச் சந்தையிலும் எவ்வளவு பணம் போடலாம் என்று சொல்லும் கெல்லி சூத்திரம் அவருடையது. 1961-இல் கம்ப்யூட்டரைப் பாட வைத்த குழுவிலும் அவர் இருந்தார். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆர்தர் கிளார்க் தன் 2001 கதையில் ஹால் என்கிற கம்ப்யூட்டரைச் சாகும்போது பாட வைத்தார். எதிரொலி வேலையில் கெல்லியோடு சேர்ந்தவர் பென் லோகன். கணிதக்காரர், பகலில் பெல் ஆய்வகம். வெளியே அவருக்கு டெக்ஸ் லோகன் என்று பெயர், புளூகிராஸ் இசையில் பெயர் பெற்ற வயலின் கலைஞர். இந்த ஜோடியின் காப்புரிமைக்கு அமெரிக்க அலுவலகம் 1970 மார்ச்சில் கொடுத்த எண் சரியாக 35,00,000. கெல்லி அதைப் பார்க்கவில்லை. 1965 மார்ச்சிலேயே, 41 வயதில், மன்ஹாட்டன் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது பக்கவாதம் தாக்கி இறந்துபோனார். ஏர்லி பேர்ட் கிளம்பியது அடுத்த மாதம்.

யோசனையை நிரூபித்து, கருவியாக நடத்திக் காட்டியவர் மன் மோகன் சோந்தி. 1933-இல் பஞ்சாபின் பிரோஸ்பூரில் பிறந்தவர். டெல்லியில் இயற்பியல் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தகவல்தொடர்புப் பொறியியல் முடித்து, விஸ்கான்சினில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். நடுவில் ஒரு வருஷம் ராஜஸ்தானின் பிலானியில் மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனத்திலும் வேலை பார்த்திருக்கிறார். 1962-இல் பெல் ஆய்வகம். அங்கேயே சுமார் நாற்பது வருஷம். 1966-இல் பிரெஸ்டியோடு சேர்ந்து எழுதியதும், 1967-இல் தனியாக எழுதியதும் ஆய்வகத்தின் சொந்த இதழில் வந்தன.

ஏன் நிரூபணம் தேவைப்பட்டது? பேச்சு ஒரு மோசமான சோதனை சிக்னல். சில அதிர்வெண்களில் சக்தி கொட்டிக் கிடக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. நடுநடுவே மௌனம். "ஆ" என்று இழுத்தால் ஒரு குணம், "ஸ்" என்றால் இன்னொரு குணம். இதை வைத்துக் கற்கிற சுற்று ஓரிடத்தில் நிலைக்குமா, இல்லை கட்டறுத்துக்கொண்டு ஓடிவிடுமா? நிலைக்கும் என்று சோந்தி கணிதமாகக் காட்டினார். அவர் சுற்றின் முதுகெலும்பிலும் பிழையை உள்ளீட்டால் பெருக்கி எடையைத் திருத்துவதுதான் இருந்தது.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு தலைகீழ் இருக்கிறது. நியூரல் நெட்வொர்க்கில் பிழை என்பது குப்பை. வெளியீடுதான் வேண்டும். எதிரொலி நீக்கியில் ஃபில்டரின் வெளியீடு யாருக்கும் வேண்டாம், அது எதிரொலியின் நகல். கழித்த பிறகு மிஞ்சுகிற "பிழை"தான் இந்தப் பக்கத்து ஆளின் குரல். அதைத்தான் அனுப்ப வேண்டும்.

அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. பாட்டி பேச ஆரம்பித்ததும் பிழை திடீரென்று பெரிதாகிறது. ஃபில்டர் என்ன நினைக்கும்? "ஐயோ, தப்பாகக் கழித்துவிட்டேன்" என்று எல்லாக் குமிழையும் கண்டபடி திருப்பத் தொடங்கும். நன்றாகக் கற்றதெல்லாம் ஒரு நொடியில் கலைந்துவிடும். இரட்டைப் பேச்சு என்று இந்தப் பிரச்சினைக்குப் பெயர். தீர்வு: இந்தப் பக்கத்து ஆள் பேசும்போது கற்பதை மட்டும் நிறுத்து, கழிப்பதைத் தொடர். பேசுகிறாரா என்று எப்படித் தெரியும்? கெய்கல் முறை என்று ஒன்று உண்டு. ஹைப்ரிட் எப்படியும் குரலைப் பாதியாகவாவது குறைத்துத்தான் கசிய விடும். எனவே திரும்பி வருகிற சிக்னல், சமீபத்தில் போன தூரத்துக் குரலின் உச்சத்தில் பாதிக்கு மேல் இருந்தால், அது எதிரொலியாக இருக்க வாய்ப்பில்லை, யாரோ பேசுகிறார்கள். ஒரே ஒரு இஃப் கண்டிஷன். பக்கம் பக்கமாகக் கணிதம் எழுதின அல்காரிதத்தை இந்த ஒற்றை இஃப் காப்பாற்றுகிறது. புரொடக்‌ஷன் கோடு பார்த்தவர்களுக்கு இது புன்னகையை வரவழைக்கும்.

குமிழ் திருப்பும் அளவு இன்னொரு தலைவலி. மாறிலி சின்னதாக இருந்தால் கற்க நேரமாகும். பெரிதாக இருந்தால் தாண்டித் தாண்டிப் போய் ஊளையிடும். பேச்சில் சத்தம் ஏறி இறங்கும்போது ஒரே மாறிலி எல்லா இடத்திலும் பொருந்தாது. ஜப்பானில் நகுமோவும் நோடாவும் 1967-இல் கொடுத்த வழி எளிது: திருத்தத்தை உள்ளீட்டின் சக்தியால் வகுத்துவிடு. கத்தினாலும் கிசுகிசுத்தாலும் அடியின் நீளம் ஒன்றுபோல் இருக்கும். இன்று எங்கே எதிரொலிக் கோடு பார்த்தாலும் இந்த வகுத்தலைப் பார்க்கலாம்.

1967-இல் தீர்ந்த பிரச்சினை, ஆனால் சாதாரண ஆட்களின் கால்களுக்கு வர ஏன் அவ்வளவு காலம்? கணக்குப் போட்டால் தெரியும். டெலிபோன் குரல் விநாடிக்கு 8,000 சாம்பிள். 16 மில்லிவிநாடி எதிரொலியைச் சமாளிக்க 128 எடைகள். ஒவ்வொரு சாம்பிளுக்கும் நகல் எடுக்க 128 பெருக்கல், எடைகளைத் திருத்த இன்னொரு 128. விநாடிக்கு 20 லட்சம் பெருக்கல், ஒரே ஒரு காலின் ஒரு முனைக்கு. அறுபதுகளில் இதை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் வைப்பது கனவு. 1980-இல் பெல் ஆய்வகத்தின் டட்வைலரும் சென்னும் ஒரே சிப்பில் 128 எடை எதிரொலி நீக்கியைச் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அலமாரி அளவு விஷயம் அட்டை அளவுக்கு இறங்கி எக்ஸ்சேஞ்சுகளுக்குள் பரவியது.

மோடம்கள் அவ்வளவு காத்திருக்கவில்லை. டெலிபோன் ஒயர் ஒவ்வொரு துடிப்பையும் இழுத்துப் பூசிவிடும், ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் ஏறும். பெல் ஆய்வகத்தின் ராபர்ட் லக்கி 1965-இல், அந்தப் பூச்சைத் தானாகவே சரி செய்யும் ஈக்வலைசரைக் கொண்டுவந்தார். முதலில் அதற்கும் சோதனைத் துடிப்புகள் வேண்டியிருந்தன. அடுத்த வருஷமே அதையும் தாண்டினார். ரிசீவர் "இது ஒன்று, இது பூஜ்யம்" என்று எடுத்த தன் சொந்த முடிவையே சரியான விடை என்று நம்பிப் பிழையைக் கணக்கிடட்டும். பெரும்பாலும் சரியாக முடிவெடுக்கிற நிலையில் இருந்தால் போதும், மிச்சத்தைத் தானே திருத்திக்கொள்ளும். கேட்கும்போது குருட்டு நம்பிக்கை மாதிரி இருக்கும், வேலை செய்கிறது. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் வந்த பிறகு நாம் கேட்ட அந்த டயல்-அப் கூச்சல் ஞாபகமிருக்கிறதா? அதில் ஒரு பகுதி இரண்டு மோடம்களும் தங்கள் ஈக்வலைசரையும் எதிரொலி நீக்கியையும் பழக்கிக்கொண்ட சத்தம். கெல்லி வேண்டாம் என்ற கீச்சொலி, மெஷின்களுக்குள் மட்டும் அனுமதிக்கப்பட்டது.

விட்ரோ பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிடுவோம். 1965-இல் அவருடைய மாணவர்கள் இருவர், இதயத் துடிப்புப் பதிவில் கலக்கிற 60 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலைக் கழிக்கும் கருவி ஒன்றைக் கட்டினார்கள். பத்து வருஷ வேலையைத் தொகுத்து 1975 டிசம்பரில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. அதில் கருவில் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பு பற்றிய பகுதியை நான் பல தடவை படித்திருக்கிறேன். தாயின் வயிற்றில் மின்முனை வைத்தால் குழந்தையின் துடிப்பு கிடைக்கும். ஆனால் அதே இடத்தில் தாயின் இதயத் துடிப்பு இரண்டு முதல் பத்து மடங்கு பெரிதாக வந்து மூடிவிடும். இரண்டுமே துடிப்பு, ஒரே அதிர்வெண் பட்டை, சாதாரண ஃபில்டரால் பிரிக்க முடியாது. இவர்கள் தாயின் மார்பில் நாலு இடத்தில் முனைகள் வைத்தார்கள். அங்கே தாயின் இதயம் மட்டும்தான் கேட்கும். அந்த நாலையும் எடுத்து, வயிற்றில் கேட்கும் தாயின் துடிப்பை நகல் செய்யக் கற்றுக்கொண்டு கழித்தது ஃபில்டர். கற்றுக்கொள்ள முடியாமல் மிஞ்சிய "பிழை" குழந்தை.

இதைவிடக் கூர்மையான முறைகள் வராமல் இல்லை. மீள்வழி மீச்சிறு வர்க்கம் இருக்கிறது, 1960-இல் கல்மன் கொடுத்த ஃபில்டர் இருக்கிறது. எல்.எம்.எஸ். ஆயிரம் அடியில் போகிற இடத்துக்கு அவை நூறடியில் போகக்கூடும். பரீட்சையில் அவற்றைத்தான் உயர்ந்தவை என்று எழுதுவோம். ஆனால் எடைகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கணக்கு பெருகும், குறைந்த பிட்டுகளில் ஓட்டினால் சில வடிவங்கள் எண்கள் சிதறிக் கவிழ்ந்துவிடும். விட்ரோ-ஹாஃப் வரி முட்டாள்தனமாக எளிது. அதனால்தான் உடைவதற்கு அதில் அதிகம் இல்லை.

1986-இல் ருமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் அந்தப் படக் சுவிட்சை வழுவழுப்பான வளைவாக மாற்றி, பிழையை உள் அடுக்குகளுக்குக் கொண்டுபோனதைப் பிரபலமாக்கினார்கள். ஒற்றை அடுக்குக்கு அவர்கள் டெல்டா விதி என்று சொன்னது விட்ரோவும் ஹாஃபும் 1960-இல் எழுதியதுதான். 1990-இல் விட்ரோ தன் மாணவர் லெயரோடு சேர்ந்து முப்பது வருஷ வரலாற்றைத் தொகுத்து எழுதியபோது பெர்செப்ட்ரான், அடுக்கு அடலைன், பேக்புரோபகேஷன் மூன்றையும் ஒரே நூலில் கோத்தார். அந்தக் கட்டுரையில் குளிர்காலம் தெரியாது.

இன்றைக்கு இந்தப் பிரச்சினை ஹைப்ரிட்டிலிருந்து அறைக்கு மாறிவிட்டது. வீடியோ காலில் லேப்டாப் ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் சுவரில், மேஜையில், மின்விசிறியில் பட்டு மைக்குக்கு வருகிறது. 16 மில்லிவிநாடி எங்கே, அறையின் எதிரொலி 200, 300 மில்லிவிநாடி எங்கே! 16,000 சாம்பிள் வேகத்தில் ஆயிரக்கணக்கான எடைகள். நீங்கள் நாற்காலியில் சாய்ந்தால் பாதை மாறும், யாராவது கதவைத் திறந்தால் மாறும். அதனால் அதிர்வெண் தளத்தில் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். பிரவுசர்களுக்குள் இருக்கும் வெப்-ஆர்.டி.சி.யின் மூலக் கோடு பொதுவில் கிடக்கிறது, எதிரொலி நீக்கும் பகுதியைத் திறந்து பாருங்கள். சுற்றிலும் ஏகப்பட்ட பாதுகாப்பு வேலைகள், நடுவில் பிழை பெருக்கல் உள்ளீடு.

கையால் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பைத்தானில் இருபது வரி போதும். ஏதாவது ஒரு குரல் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 128 எண்கள் கொண்ட, போகப்போகத் தேய்கிற ஒரு வரிசையோடு கன்வால்வ் செய்தால் எதிரொலி தயார். எடைகளைப் பூஜ்யத்தில் தொடங்கி, சக்தியால் வகுத்த வடிவத்தில் மாறிலியை 0.5 வைத்து ஓட்டி, பிழையை ஒலிக் கோப்பாகச் சேமித்துக் கேளுங்கள். முதல் சில சொற்கள் தெளிவாகக் கேட்கும், பிறகு அடங்கும். அப்புறம் நடுவில் இன்னொருவர் குரலைக் கலந்துவிட்டு, கெய்கல் இஃப் இல்லாமல் ஒரு தடவை, இருந்து ஒரு தடவை ஓட்டுங்கள். இல்லாத பதிவில், அந்த இரண்டாவது ஆள் பேசி முடித்ததும் முதல் ஆளின் எதிரொலி பழையபடி எழும்பி வருவது காதிலேயே கேட்கும்.